இதய வடிவ வைரம்: காரட்டுக்கு முன்னால் உருவத்தைப் பாருங்கள்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நான் மணக்கப்போகும் பெண்ணுக்கு இதய வடிவ வைரம் வைத்த நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வேண்டும். என் பட்ஜெட்டுக்குள் இரண்டு கற்கள் வருகின்றன. ஒன்று 0.50 காரட், டி நிறம், விவிஎஸ்1. இன்னொன்று 0.80 காரட், ஜி நிறம், விஎஸ்2. எதை எடுப்பது? அவர் செவிலியர், நாள் முழுக்கக் கையுறை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பவர். கூர்முனை சீக்கிரம் உடைந்துவிடும் என்று வேறு சொல்கிறார்கள், உண்மையா?"

இந்த விவரங்களை மட்டும் வைத்துச் சொல்லச் சொன்னால் 0.80 காரட் கல்லைத்தான் சொல்வேன். (டி என்பது நிறமே இல்லாத உச்ச நிறத் தரம், ஜி அதற்கு மூன்று படி கீழே. விவிஎஸ்1, விஎஸ்2 என்பவை கல்லுக்குள் குறை எவ்வளவு என்று சொல்லும் தெளிவுத் தரங்கள், அதிலும் முதலாவதுதான் உயர்ந்தது.) ஆனால் நீங்கள் எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இரண்டு கல்லும் எத்தனை மில்லிமீட்டர், மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கின்றன? வட்டக் கல் என்றால் ஆய்வகம் கொடுக்கும் தர அறிக்கையைப் படித்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம். இதய வடிவத்தில் அது நடக்காது. உருவம் சரியில்லை என்றால் டி நிறமும் விவிஎஸ்ஸும் இருந்து பிரயோஜனம் இல்லை.

முதலில் அளவு. கல்லின் மேலே இருக்கும் நடுப்பள்ளம்தான் அதை இதயமாகக் காட்டுகிறது. கல் சிறிதாக இருந்தால் அந்தப் பள்ளமும் சிறிது, அதில் கல்லைப் பிடிக்கும் கம்பிகளும் சேர்ந்துகொண்டால் கையை நீட்டிப் பார்க்கும் தூரத்தில் ஏதோ முக்கோணம் மாதிரியோ அரைகுறை வட்டம் மாதிரியோதான் தெரியும். 0.50 காரட்டில் சுமார் 5 மில்லிமீட்டர்தான் கிடைக்கும், 0.80-ல் சுமார் 6. கேட்க ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் இந்த வடிவத்துக்கு அது பெரிய வித்தியாசம். குல்லினன் V என்ற புகழ்பெற்ற இதய வடிவ வைரம் 18.8 காரட், அதைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் இதயம் என்று தெரியும். நம் விரலுக்கு வரும் சின்னக் கல்லில் ஒவ்வொரு கோடும் சரியாக விழுந்திருக்க வேண்டும். அதனால் நிறத்திலும் தெளிவிலும் சில படி இறங்கி, அந்தப் பணத்தை அளவிலும் நல்ல உருவத்திலும் போடுங்கள். விவிஎஸ்1-க்கும் விஎஸ்2-க்கும் உள்ள வேறுபாடு வெறும் கண்ணுக்குத் தெரியாது, கோணலான தோள் (பள்ளத்தின் இரு பக்கமும் உருண்டிருக்கும் மேடு) எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

சரி, உருவத்தை எப்படிச் சோதிப்பது? கல்லை மேலிருந்து நேராக எடுத்த பெரிய படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். பள்ளத்தின் அடியிலிருந்து கீழ் முனை வரை ஒரு கோடு போட்டு, ஒரு பக்கத்தைக் காகிதத்தால் மறைத்துப் பாருங்கள், பிறகு மறுபக்கம். இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்க வேண்டும். அடுத்து படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். நேராகப் பார்க்கும்போது 'இது இதயம்' என்று மனம் தானே நிரப்பிக்கொண்ட குறையெல்லாம் அப்போது வெளியே வரும், ஒரு தோள் உயர்ந்திருப்பது, முனை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது எல்லாம். பள்ளம் தெளிவாக, கூர்மையாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எடையைக் காப்பாற்றுவதற்காகப் பள்ளத்தை ஆழமாக வெட்டாமல் விட்ட கற்கள் நிறைய உண்டு. பக்கங்கள் தோளிலிருந்து முனைக்கு மெல்லிய வளைவாக வர வேண்டும். நேர்கோடாக வந்தால் கல் முக்கோணமாகிவிடும், அதிகம் புடைத்தால் உருண்டையாகத் தெரியும்.

அறிக்கையில் இருக்கும் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 1.00-ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலானோருக்குப் பிடிக்கும் உருவம். 0.90-க்குக் கீழே போனால் அகன்று குட்டையாகவும், 1.10-ஐத் தாண்டினால் நீண்டும் தெரியும். நீளமானதுதான் பிடிக்கும் என்பவர்களும் உண்டு, அது தவறில்லை. ஜிஐஏ என்ற வைரத் தர ஆய்வகத்தின் அறிக்கையில் வட்ட வைரத்துக்கு வருகிற 'கட்' தரம் இதய வடிவத்துக்குப் பொதுவாக இருக்காது, பாலிஷும் சிமெட்ரியும்தான் (மெருகும் சமச்சீரும்) இருக்கும். ஆகவே வெட்டு நன்றாக இருக்கிறதா என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 'ஹார்ட்ஸ் அண்ட் ஆரோஸ்' என்று விற்கப்படுவது இதய வடிவக் கல் இல்லை. வட்ட வைரத்தைத் தனிக் கருவி வழியே பார்க்கும்போது தெரிகிற ஒளிக்கோலத்துக்கு அந்தப் பெயர். இதைத் தெரியாமல் ஆர்டர் கொடுத்துவிட்டு வருந்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படத்தோடு வீடியோவும் கேளுங்கள். இந்த வடிவத்தில் நடுவில் குறுக்கே, கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி வடிவ 'போ டை' மாதிரி ஒரு கருநிழல் விழும். லேசாக இருந்து, கல்லை அசைக்கும்போது மினுக்கி மறைந்தால் கவலையில்லை. எப்படித் திருப்பினாலும் போகாத கறுப்பு என்றால் அந்தக் கல் வேண்டாம். நிறம் முனைப் பகுதியில் சற்று அடர்ந்து தெரியும் என்பதால் பிளாட்டினத்திலோ வெள்ளைத் தங்கத்திலோ வைப்பதாக இருந்தால் ஜி, எச் வரை போதும், மஞ்சள் தங்கம் என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம்.

இனி உங்கள் பயம். அது நியாயமான பயம்தான். வைரத்தைக் கீறுவது கடினம், ஆனால் சில திசைகளில் அடி விழுந்தால் பிளந்துகொள்ளும், மெல்லிய முனையில் அடி பட்டால் சில்லு தெறிக்கும். அதனால் முனைக்கு அருகில் உள்குறை எதுவும் இருக்கக் கூடாது, அறிக்கையில் குறைகளின் வரைபடம் இருந்தால் அதில் பார்த்துவிடுங்கள். விஎஸ்2 கல்லில் குறை தோள் ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை, முனையில் இருந்தால் வேறு கல் பாருங்கள். கர்டில் என்ற விளிம்பு மிக மெல்லியது என்று எழுதியிருந்தால் அந்த மெல்லிய இடம் முனையா என்று கேளுங்கள். முனையின் மேல் 'வி' வடிவக் கவசம் கட்டாயம் வேண்டும், தோள்களிலும் பக்கங்களிலும் நான்கு கம்பிகள், ஆக ஐந்து பிடிகள். பள்ளத்துக்குள் கம்பி வைக்கவே விடாதீர்கள், உருவத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் கையுறையும் சேர்கிறது. உயர்ந்து நிற்கும் கம்பிகள் அதைக் கிழிக்கும், தாங்களும் தளரும். எனவே சுற்றிலும் மெல்லிய உலோகக் கரை கட்டி, கல்லைத் தாழ்வாக வைக்கும் பெசல் அமைப்பையே சொல்வேன். கரை பள்ளத்துக்குள்ளும் வளைந்து இறங்க வேண்டும், அதைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த கைதான் வேண்டும், அந்தப் பொற்கொல்லர் முன்பு செய்த இதய வடிவ மோதிரங்களைக் காட்டச் சொல்லுங்கள். கல்லைப் பதிக்கும் நேரத்திலேயே முனை உடைவதும் உண்டு, அப்படி ஆனால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம், பல மருத்துவமனைகளில் பணி நேரத்தில் கல் வைத்த மோதிரத்துக்கு அனுமதி கிடையாது, அவருடைய மருத்துவமனையில் எப்படி என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கழற்றி வைக்கும் நாட்களில் தனிப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் வைரம் பக்கத்தில் இருக்கும் நகையையெல்லாம் கீறிவிடும்.

முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்டறையில் கேட்பார்கள். முனை மணிக்கட்டைப் பார்த்து இருந்தால், அவர் தன் கையை விரித்துப் பார்க்கும்போது இதயம் நிமிர்ந்து தெரியும். நான் அப்படித்தான் வைப்பேன். திருமண மோதிரத்தையும் அதே விரலில் சேர்த்துப் போடுவார் என்றால் முனை வளையத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று இப்போதே அளந்துவிடுங்கள், நீட்டினால் இரண்டு மோதிரமும் ஒட்டி நிற்காது. 0.80 கல்லின் படத்தையும் வீடியோவையும் வாங்கிப் பாதியை மறைத்துப் பாருங்கள். கோணல் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, இதே அளவில் ஜி அல்லது எச் நிறத்தில் மூன்றாவது ஒன்றைத் தேடுங்கள்.