உயரமான ஆளே இல்லாத ஸ்கூல் டீமுக்கு ட்ரைவ் பண்ணி ஆடற ஆஃபென்ஸ் சரிப்படுமா, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கேட்டவர் ஒரு ஸ்கூல் டீமுக்கு புதுசா கோச் ஆகியிருக்கார், பேஸ்கட்பால். டீம்ல உயரமா யாரும் இல்ல, ஆனா ரெண்டு மூணு பேர் நல்ல ஸ்பீடு, பால வெச்சுக்கிட்டு உள்ள புகுந்து ஆடற மாதிரி ஒரு ஆஃபென்ஸ் சொல்லிக்குடுக்கலாமான்னு கேக்கறார்.

தாராளமா சொல்லிக்குடுங்க. நான் ஒன்பது வருஷமா பொண்ணுங்க டீமுக்கு கோச்சா இருக்கேன், அதுல கடைசி ஆறு வருஷம் இது ஒண்ணுதான் ஆடறோம். எங்க டீம்லயும் உயரம் கிடையாது. ஆனா ஆரம்பிக்கற எல்லாரும் ட்ரைவ் பண்ற பொண்ணையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, க்ராஸ்ஓவர் (பால கை மாத்தி ஏமாத்தறது), இடது கை லேஅப் (ரிங் கிட்ட ஓடி வந்து போடறது), அதுலயே மொத்த ப்ராக்டிஸும் போயிடும். இந்த ஆட்டத்தோட உயிரு மத்த நாலு பேர் எங்க நிக்கறாங்கங்கறதுல இருக்கு. இத நான் புரிஞ்சுக்க ஒரு சீசன் ஆச்சு.

அந்த சீசன்ல எங்க பாயிண்ட் கார்டு, அதாவது பால எடுத்துட்டு வந்து ஆட்டத்த நடத்தறவ, ஒரு பொண்ணு, எதிர்ல யார் நின்னாலும் மொத ரெண்டு ட்ரிபிள்லயே தாண்டிடுவா. தாண்டி பெயிண்டுக்குள்ள, அதாவது ரிங்குக்கு முன்னாடி இருக்கற கட்டத்துக்குள்ள, போனா அங்க ஒரு கூட்டமே நிக்கும், பால் போயிடும். நான் வெளிய இருந்து ஏன் பாஸ் பண்ணல ஏன் பாஸ் பண்ணலன்னு கத்திக்கிட்டே இருப்பேன். ஒரு தடவ ஒரு பொண்ணோட அப்பா ஃபோன்ல மேட்ச எடுத்து அனுப்பினார், வீட்ல உக்காந்து நிறுத்தி நிறுத்தி பாத்தேன். அவ மொத ட்ரிபிள் போட்ட உடனே எங்க பொண்ணுங்களே மூணு பேர் கைய நீட்டிக்கிட்டு அவள நோக்கி ஓடி வர்றாங்க, உதவி பண்ற நெனப்புல. ஒவ்வொருத்தியும் தன்னோட டிஃபெண்டரையும் கூடவே கூட்டிட்டு வர்றா. அவ பாஸ் பண்ண இடமே இல்ல. அடுத்த நாள் காலைல ப்ராக்டிஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் அந்த பொண்ணு கிட்ட சாரி சொன்னேன், அது சொல்லியே ஆகவேண்டிய சாரி.

இந்த ஆஃபென்ஸ உருவாக்கினது வான்ஸ் வால்பெர்க்னு ஒரு கோச், கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோ பக்கம் க்ளோவிஸ் வெஸ்ட்னு ஒரு ஹைஸ்கூல்ல, 1990கள் கடைசில. பெரிய காலேஜ்ல பொறந்தது இல்ல, நம்ம மாதிரி ஸ்கூல் டீம்ல பொறந்தது. அவர் பண்ணின முக்கியமான மாத்தம் ஒண்ணு, போஸ்ட் ப்ளேயர, அதாவது ரிங் கிட்ட நின்னு ஆடற ஆள, பால் இருக்கற பக்கத்துல நிக்க விடாம ரிங்குக்கு மறுபக்கம் தள்ளி வெச்சார். போஸ்ட் பால் பக்கம் நின்னா அவளோட டிஃபெண்டரும் அங்கதான நிப்பா, ட்ரைவ் போற வழில செவுரு மாதிரி. அத எடுத்துட்டா வழி தொறந்துடும். ஸ்க்ரீனும் (கூட ஆடறவ டிஃபெண்டரோட வழிய மறிச்சு நிக்கறது) ரொம்ப வேண்டாம், ஸ்க்ரீன் போட வர்றவ இன்னொரு டிஃபெண்டர பால் கிட்ட கூட்டிட்டு வர்றா, அவ்ளோதான் லாஜிக். பின்னாடி மெம்ஃபிஸ் காலேஜ்ல ஜான் காலிபாரி இத எடுத்து ஆட, டெரிக் ரோஸ் இருந்த டீம் 2008 அமெரிக்க காலேஜ் சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் போச்சு.

எப்படி நிக்கறதுன்னா, ரெண்டு பேர் ரெண்டு கார்னர்ல. கார்னர்னா நெஜமாவே கார்னர். த்ரீ பாயிண்ட் கோட்டுக்கும் சைடு லைனுக்கும் நடுவுல 90 சென்டிமீட்டர்தான் இருக்கு, அதுக்குள்ள கால வெச்சு நிக்கணும். பாயிண்ட் கார்டு நடுவுல இருந்து கொஞ்சம் வலது பக்கம், நாலாவது ஆள் மேல, அதாவது ரிங்க விட்டு தள்ளி, இடது பக்கம், போஸ்ட் இடது பக்கம் ரிங் கிட்ட பெயிண்டுக்கு வெளிய, உள்ள நின்னா 3 செகண்ட் விசில். கோர்ட் அகலம் 15 மீட்டர், அத முழுசா இழுத்துப் பிடிச்சு நின்னா டிஃபென்ஸ்ல ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவுல பெரிய இடைவெளி விழும், அந்த இடைவெளிலதான் ட்ரைவ்.

நான் இத சுண்ணாம்புக் கட்டியாலதான் சொல்லிக்குடுத்தேன். எங்களுது வெயில்ல கெடக்கற சிமெண்ட் கோர்ட், அதுல நாலு வட்டம் போட்டேன். ட்ரைவ் ஆரம்பிச்ச உடனே வட்டத்த விட்டு யார் கால் வெளிய வந்தாலும் பால் எதிர் டீமுக்கு, ஸ்கோர் ஆயிருந்தாலும் செல்லாது. மொத வாரம் பொண்ணுங்களுக்கு செம கடுப்பு, சும்மா நிக்கறது விளையாட்டா சார்னு கேட்டாங்க. சின்ன வயசுல இருந்து பால் இருக்கற எடத்துக்கு ஓடிப் பழகின காலு, அத நிக்க வெக்கறது ஷூட்டிங் சொல்லிக்குடுக்கறத விட கஷ்டம். ஒரு மாசம் ஆகும், பொறுமையா இருங்க.

நிக்கப் பழகின அப்புறம் வட்டத்த அழிச்சிட்டு நகர்றத சொல்லிக்குடுங்க. பாயிண்ட் உள்ள போனா மேல இருக்கற நாலாவது ஆள் அவ விட்ட எடத்துக்கு பின்னாடியே வரணும், பாஸ் வெளிய வர ஒரு வழியாவும் ஆச்சு, பால் போனா திரும்பி ஓட ஒரு ஆளாவும் ஆச்சு. இத விட்டீங்கன்னா, எதிர் டீம் பால பிடுங்கி வேகமா ஓடிப் போடற ஃபாஸ்ட் ப்ரேக்ல வரிசையா வாங்குவீங்க. போஸ்டுக்கு ரெண்டே விஷயம், ட்ரைவ் நடுவுல வந்தா அவ பேஸ்லைன் (ரிங்குக்கு பின்னாடி இருக்கற கோடு) பக்கம் எறங்கணும், ட்ரைவ் பேஸ்லைன் ஓரமா வந்தா அவ மேல ஃப்ரீ த்ரோ கோட்டு பக்கம் ஏறணும். எப்பவும் கை ரெண்டும் ரெடியா இருக்கணும்.

ட்ரைவ் பண்றவளுக்கு நான் சொல்றது, ரிங்க பாக்காத, ஹெல்புக்கு வர்ற எதிர் டீம் டிஃபெண்டரோட கால பாரு. அவ ரெண்டு காலும் எறங்கி முழுசா வந்துட்டா அவ விட்டுட்டு வந்த ஆள் சும்மா நிக்கறா, அங்க பாஸ். ஒரு கால மட்டும் நீட்டி பயமுறுத்தினா நேரா மேல ஏறி ஷூட் பண்ணு. கூட்டமா இருந்தா ரெண்டு காலையும் சேத்து ஜம்ப் ஸ்டாப். ஒத்தக் கால்ல பறந்துட்டு காத்துல இருக்கும்போது பாஸ் தேடறதுலதான் எங்க டீம்ல பாதி டர்ன்ஓவர் (பால பறிகுடுக்கறது) வந்துச்சு, மேல மோதி அஃபென்சிவ் ஃபவுலும் விழும். ரெண்டு கால்ல நின்னுட்டா ஒரு கால ஊணிக்கிட்டு பிவட் பண்ணி திரும்பிப் பாக்க நேரம் கெடைக்கும்.

அடுத்து, பால் வாங்கினவ யோசிக்கக் கூடாது. வால்பெர்க் இந்த ஆஃபென்ஸுக்கு வெச்ச பேரே அட்டாக், அட்டாக், ஸ்கிப், அட்டாக், அட்டாக். ஸ்கிப்னா ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்கு போடற நீளமான பாஸ். மொத ட்ரைவ்லயே ஸ்கோர் ஆகணும்னு இல்ல, அது டிஃபென்ஸ கலைச்சு விடறதுக்கு. கார்னருக்கு பாஸ் போச்சுன்னா அவள நோக்கி ஒருத்தி தலைதெறிக்க ஓடி வருவா, அப்படி ஓடி வர்றவள தாண்டறது நின்னுக்கிட்டு இருக்கறவள தாண்டறத விட எவ்வளவோ ஈசி. கைல பால் வந்ததும் ஷூட், இல்லனா ட்ரைவ், இல்லனா பாஸ், ஒரு மூச்சு விடறதுக்குள்ள.

இப்ப நீங்க கேப்பீங்க, எங்க பசங்க கார்னர்ல இருந்து த்ரீ போட மாட்டாங்களே, டிஃபெண்டர் கண்டுக்காம பெயிண்டுலயே நின்னுட்டா என்னன்னு. எங்களுக்கும் இதே ப்ரச்சனை. அங்க ரெண்டு வழி வெச்சிருக்கோம். ஒண்ணு, அந்த டிஃபெண்டர் பால பாக்க தலைய திருப்பின நொடில பேஸ்லைன் வழியா ரிங்குக்கு கட். ரெண்டு, பால் வாங்கி கோட்டுக்கு உள்ள ஒரு அடி எடுத்து வெச்சு ரெண்டு பாயிண்ட் ஷாட். தினமும் அந்த ஒரே எடத்துல இருந்து ஒவ்வொருத்தியும் 50 ஷாட், ரெண்டு மாசத்துல கண்டிப்பா முன்னேற்றம் தெரியும். எதிர் டீம் ஜோன் போட்டாலும், அதாவது ஆள விட்டுட்டு ஆளுக்கொரு எடத்த காத்தாலும், மாத்த வேண்டாம், ரெண்டு பேருக்கு நடுவுல ட்ரைவ் பண்ணி ரெண்டு பேரையும் தன் மேல இழுத்துட்டு பாஸ் பண்ணணும், அவ்ளோதான்.

கடைசியா ஃப்ரீ த்ரோ. உள்ள புகுந்து ஆடினா ஃபவுல் நெறைய கெடைக்கும், அத போடலன்னா இவ்ளோ உழைப்பும் வீண். அந்த 2008 ஃபைனல்ல மெம்ஃபிஸ் ரெண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது 9 பாயிண்ட் முன்னாடி இருந்தாங்க, கடைசி ஒன்றரை நிமிஷத்துல 5 ஃப்ரீ த்ரோல 4 மிஸ், கான்சஸ் டீம் கடைசி செகண்டுகள்ல ஒரு த்ரீ போட்டு ஓவர்டைம் போய் 75-68ல ஜெயிச்சாங்க. எங்க பொண்ணுங்களுக்கு அந்த வீடியோவ சீசன் ஆரம்பத்துல ஒரு தடவ போட்டுக் காட்டுவேன். அப்புறம் ப்ராக்டிஸ் முடியும்போது, மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போதே, ஆளுக்கு பத்து ஃப்ரீ த்ரோ. ஓய்வெடுத்துட்டு போடறது கணக்குல வராது, மேட்ச்ல அப்படி யாரும் போட விடமாட்டாங்க.

உங்களுக்கு சீசனுக்கு எவ்ளோ நாள் இருக்கு, எத்தன பேர் ரெகுலரா ப்ராக்டிஸ் வர்றாங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி மொத நாலு வாரம் என்னென்ன பண்ணலாம்னு எழுதறேன்.