தொடாமலே ஒரு பொருள் பக்கத்தில் இருப்பதை சென்சார் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேசும்போது போனைக் காதருகே கொண்டுபோனதும் திரை அணைந்துவிடுகிறதே, அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பல போன்களில் திரைக்கு மேலே ஒரு சின்ன அகச்சிவப்பு எல்.இ.டி. இருக்கும், அதன் ஒளி கன்னத்தில் பட்டுத் திரும்பி, பக்கத்திலிருக்கும் ஒளி உணரியில் விழுந்தால் ஏதோ நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது தொழிற்சாலைகளில் இருக்கும் இண்டக்டிவ் சென்சார்தான். உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதில் வேகமாக மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டம், அதனால் முகப்புக்கு முன்னால் ஒரு காந்தப்புலம். உலோகம் அதற்குள் வந்ததும் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆற்றலை உறிஞ்ச, சுருளின் அலைவு தளர்ந்துவிடும், உடனே சர்க்யூட் சிக்னல் கொடுக்கும். தேயும் பாகமே கிடையாது, எண்ணெயும் தூசியும் படிந்தாலும் அசராமல் ஓடும். தூரம்தான் குறைவு, பெரும்பாலும் சில மில்லிமீட்டர்; அலுமினியம், செம்பு என்றால் இரும்பைவிட இன்னும் கிட்டே வர வேண்டும்.

பிளாஸ்டிக், தண்ணீர், தானியம் போன்றவற்றுக்குக் கெப்பாசிடிவ் வகை, அதாவது பொருள் கிட்டே வந்ததும் மின்னூட்டத்தைத் தேக்கும் திறன் மாறுவதை உணர்வது. அப்புறம், காரைப் பின்னால் எடுக்கும்போது பீப் அடிக்க வைப்பது பெரும்பாலும் அல்ட்ராசோனிக், அதாவது நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும் வகை: ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போவதால், 1 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரிலிருந்து எதிரொலி வர கிட்டத்தட்ட 6 மில்லிநொடி ஆகும், அந்த நேரத்தைத்தான் அது அளக்கிறது.