யார் வேண்டுமானாலும் வரலாமா?

அன்புள்ள ஐயா,

பெங்களூருக்கு அருகிலுள்ள சாவன்துர்கா மலையின் அடிவாரத்தில் நண்பர்களுடன் நடந்ததைப் பற்றிய உங்கள் குறிப்பு, ‘எளிய நடைதான், யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று முடிந்திருந்தது. விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு ஒன்பது ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் என் தங்கை அதைப் படித்துவிட்டு, ‘அந்த யாரில் நான் உண்டா அண்ணா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் வரும்படி செய்யப்போனால் காடும் மலையும் கான்கிரீட்டாகிவிடாதா என்ற ஐயமும் இருக்கிறது.

கே., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கே.,

உங்கள் தங்கைக்கு நேர்மையாகச் சொல்வதென்றால், எனக்கும் தெரியாது. அந்தப் பாதையில் மூன்று முறை நடந்திருக்கிறேன். அதன் அகலம் என்ன, மண் இறுகியதா பொலபொலப்பானதா, இடையில் எத்தனை படிகள் என்று கேட்டால் விழிக்கிறேன். தெரியாமலேயே ‘யார் வேண்டுமானாலும்’ என்று எழுதியது என் பிழை.

உங்கள் கடிதம் வந்த வார இறுதியில், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டருகே உள்ள ஏரிக்குப் போனேன். கரையைச் சுற்றிச் செல்லும் பாதை சமதளமானது, இறுகிய செம்மண், இரண்டு மீட்டருக்குக் குறையாத அகலம். ஆனால் இருசக்கர வாகனங்களைத் தடுக்க வாசலில் நட்டிருக்கும் இரும்புக் குழாய்களுக்கு இடையே 52 சென்டிமீட்டர்தான் இருந்தது. சாதாரணச் சக்கர நாற்காலிக்கே 65 முதல் 70 சென்டிமீட்டர் வேண்டும். (வண்டிக்காரர்கள் பின்பக்க வேலியைப் பிரித்து வழி செய்துகொண்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.) பக்கத்திலேயே ஒரு பெரிய கதவு உண்டு, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று காவலாளிக்கே தெரியவில்லை.

கான்கிரீட் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். சாவன்துர்காவின் மொட்டைப்பாறை மேல் சாய்தளம் போடச்சொல்லி யாரும் கேட்கவில்லை. 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையிலோ உச்சிக்கு அருகே வரை சாலை இருக்கிறது. காரைவிட்டு இறங்கிய பின் என்ன இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா, வேலியைத் தாண்டுவதற்கான ஏறுபடிகள் இல்லாத பாதைகளைத் தேர்ந்து, ‘எல்லோருக்கும்’, ‘பலருக்கு’, ‘சிலருக்கு’ என்று மூன்றாகப் பிரித்து அறிவித்திருக்கிறது. முதல் வகையில் ஏற்றம் பத்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது, இறுக்கிப் போடும் கல் 10 மில்லிமீட்டருக்குப் பெரிதாக இருக்கக்கூடாது, இடையிடையே இளைப்பாற இடம் வேண்டும். இதற்குப் பொடிக்கல்லை இறுக்கிய பாதையே போதும். 2022 நவம்பரில் மெரினா மணலில் திறந்த 263 மீட்டர் மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது. எதைப் போட்டாலும் பழுதுபார்க்கவும் பணம் ஒதுக்கியாக வேண்டும், அந்த வேலைக்கு ரிப்பன் வெட்டும் விழா இல்லாவிட்டாலும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நானோ சக்கர நாற்காலியை மட்டுமே பேசியிருக்கிறேன். பார்வையற்ற நண்பர் ஒருவர், முன்னால் நடப்பவரின் முதுகுப்பைப் பட்டையைப் பிடித்தபடி எங்களோடு ஒருமுறை ஏறினார். சரிவு அவருக்குப் பொருட்டாகவே இல்லை. தலைமட்டத்தில் நீண்டிருந்த கிளையை யாரும் சொல்லாததால்தான் நெற்றியில் கீறல் பட்டது.

அடுத்த நடை அந்த ஏரிக்கரையில்தான். அறிவிப்பை இப்படித் திருத்தியிருக்கிறேன்: ‘பாதை சமதளம், செம்மண், மழை பெய்தால் சேறாகும். சிறிய வாசல் 52 செ.மீ. பெரிய கதவைத் திறக்க ஏற்பாடு நடக்கிறது, உறுதியானதும் தெரிவிக்கிறேன். கழிப்பறைக்கு இரண்டு படிகள், கைப்பிடி இல்லை.’ இன்னும் எதை அளந்திருக்க வேண்டும் என்று உங்கள் தங்கையிடம் கேட்டு எழுதுங்கள்.