ஷாங்காயில் குடியேறுவோர் கேட்கும் கேள்விகள்

ஷாங்காய்க்குப் புதிதாக வரும் தமிழர்களுடன் காவல் நிலையம், வங்கி, வீட்டுத் தரகர் அலுவலகம் என்று அலைந்து உதவுவது என் வழக்கம். அந்த அனுபவத்துக்குள் அடங்கும் கேள்விகளுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி (கோவை, மென்பொருள் பொறியாளர்): என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெறுமையாக உள்ளது. என் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து ஒரே வரியில் வருகின்றன. இதனால் சிக்கல் வருமா?

பதில்: வரும். இந்தப் பகுதியில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான் என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். சீனாவில் தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, கைப்பேசியில் பணம் செலுத்தும் செயலிகளான அலிபே, வீசாட் (இது செய்தி அனுப்பவும் பயன்படும்), ரயில் பயணச்சீட்டு எல்லாமே மெய்ப்பெயர் முறையில், அதாவது அடையாள ஆவணத்தில் உள்ள உண்மைப் பெயரோடு பிணைத்து, இயங்குகின்றன. நீங்கள் வீசாட்டில் வங்கி அட்டையை இணைக்கும்போது, அங்கே தட்டச்சிடும் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் வங்கி தன் பதிவோடு ஒப்பிடுகிறது. வங்கி ஊழியர் உங்கள் பெயரை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதியிருக்க, நீங்கள் இடைவெளி விட்டு எழுதினால் இணைப்பு மறுக்கப்படும். எது பொருந்தவில்லை என்பதைத் திரை தெளிவாகச் சொல்லாது. சீனருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துகளில் பெயர் முடிந்துவிடுவதால், தந்தை பெயரையும் சேர்த்து இருபத்தைந்து ஆங்கில எழுத்துகளில் நீளும் நம் பெயரைக் கண்டால் சில ஊழியர்கள் பாதியில் நிறுத்திவிடுவதும் உண்டு.

ஆகவே கணக்குத் தொடங்கும் நாளிலேயே, தங்கள் கணினியில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை ஊழியரிடம் திரையில் காட்டச் சொல்லி, பெரிய எழுத்து, இடைவெளி, முன்பின் வரிசை உட்பட ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டித் தொலைபேசி நிறுவனத்தின் பெரிய கிளையில் சிம், அடுத்து வங்கி, அதன் பின்னரே வீசாட்டும் அலிபேயும் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். நண்பர் பெயரில் உள்ள சிம்மைத் தற்காலிகமாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்பதை மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த எண்ணில் வங்கிச் சேவை எதுவும் ஒழுங்காக அமையாது.

கேள்வி (சென்னை): வந்தவுடன் காவல் நிலையத்தில் பதிய வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. விடுதியில் தங்கினால் விடுதியே பதிந்துவிடும். வீட்டில் தங்குபவர், அது நண்பர் வீடே ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் இதை மீறுவோருக்கு எச்சரிக்கையோடு 2,000 யுவான் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. ஷாங்காயில் இணையவழியிலும் பதியலாம், கட்டணம் இல்லை. வீடு மாறினாலும் வசிப்பு அனுமதி புதுப்பிக்கப்பட்டாலும் மீண்டும் பதியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று பதிவுச் சீட்டை வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): வணிக விசாவில் வந்து, வேலையில் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொல்கிறது. வரலாமா?

பதில்: வர வேண்டாம். வேலைக்கு வருபவர் பணி அனுமதி அறிவிப்பைப் பெற்று, இசட் விசாவில் நுழைந்து, 30 நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். உயர்திறன் வகுப்பினர் சிலருக்கு உள்நாட்டிலேயே மாற்றிக்கொள்ள வழி இருந்தாலும், அனுமதி கையில் வருவதற்கு முன் வேலை செய்வது எல்லோருக்கும் குற்றமே. பிடிபட்டால் தொழிலாளிக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதமும், குற்றம் கடுமையானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. நிறுவனத்துக்கு விதிக்கப்படும் அபராதம் உங்கள் விசாவைக் காப்பாற்றாது.

கேள்வி (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்க வருகிறேன். கைப்பேசியில் பணம் செலுத்தப் பழக்கமில்லை. பணத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா, ஐயா?

பதில்: முடியும், ஐயா. எந்தக் கடையும் யுவான் தாளை மறுக்கக் கூடாது என்பது விதி. மறுத்த கடைகளுக்குச் சீன மக்கள் வங்கி அபராதம் விதித்துமிருக்கிறது. மிகப் பெரிய தாள் 100 யுவான் என்றாலும், காய்கறிச் சந்தையில் அதற்குச் சில்லறை கிடைப்பது அரிது என்பதால், பத்தும் இருபதுமாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் 3 யுவானிலிருந்து கட்டணம் தொடங்குகிறது. பேருந்துப் பெட்டியில் போட்ட பணத்துக்கு மீதி வராது.

கேள்வி (ஷாங்காயில் படிக்கும் மாணவர்): பெரியவருக்குத் தவறான நம்பிக்கை ஊட்டுகிறீர்கள். நான் பணத்தாளைக் கண்ணால் பார்த்தே பல மாதங்கள் ஆகின்றன. சட்டம் ஏட்டில்தான் இருக்கிறது.

கேள்வி (ஈரோடு, துணி வணிகர்): தம்பி சொல்வதை ஏற்க முடியாது. ஷாங்காய்க்கும் ஷாவோஷிங் நகரின் கெச்சியாவ் துணிச்சந்தைக்கும் பல ஆண்டுகளாக வந்து போகிறேன். தாளை நீட்டினால் வாங்காதவர் இல்லை. வங்கி அட்டையை எதற்காகச் சீனச் செயலியில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும்?

பதில்: இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் பார்த்த ஊர்கள் வேறு. வணிகர் விடுதியில் தங்கி, டாக்சியில் ஏறி, மொத்த வியாபாரியிடம் பேசி, உணவகத்தில் சாப்பிட்டுத் திரும்புகிறார். இந்த நான்கு இடங்களிலும் பணத்தாள் செல்லும். மாணவரோ உணவை வரவழைக்கிறார், வாடகை மிதிவண்டியைத் திறக்கிறார், மின்கட்டணம் கட்டுகிறார், பார்சல் பெட்டியிலிருந்து பொருளை எடுக்கிறார். இவை எதிலும் தாளை வாங்க எதிரில் ஆளே இல்லை. கடைக்காரர் மறுக்கிறாரா என்பதைவிட, கடைக்காரர் இருக்கிறாரா என்பதே இங்குள்ள கேள்வி. மேசையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால்தான் உணவுப்பட்டியலே தெரியும் என்ற சிற்றுண்டிக் கடையில், கையில் நூறு யுவான் தாளுடன் ஒரு பெரியவர் நிற்பதை இன்றும் பார்க்கலாம். ஊழியர் மரியாதையாகவே தம் கைப்பேசியில் உணவை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, சில்லறைக்கு அடுத்த கடைக்கு ஓடுவார். வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு வேளையும் இன்னொருவர் தயவில் நடக்கும்.

வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா (Visa), மாஸ்டர்கார்டு அட்டைகளை அலிபேயிலும் வீசாட்டிலும் இணைக்கலாம். 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்கு அந்தச் செயலிகள் கட்டணம் வசூலிப்பதில்லை, அதற்கு மேற்பட்டால் 3 விழுக்காடு. 2024-இல் ஒரு பரிவர்த்தனைக்கான உச்சவரம்பை 1,000 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்த்தினார்கள். ஆசிரியர் ஐயாவுக்கு என் யோசனை: மகன் அலிபேயை அமைத்துக் கொடுக்கட்டும், சட்டைப்பையில் ஐந்நூறு யுவான் சில்லறையும் இருக்கட்டும்.

கேள்வி (அதே துணி வணிகர்): முகம், பாஸ்போர்ட், அட்டை, தொலைபேசி நான்கையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக எப்படித் தூங்குகிறீர்கள்?

பதில்: இந்தக் கேள்வி நியாயமானது. அங்கே வாங்கும் ஒவ்வொரு பொருளும் உங்கள் பெயரில் பதிவாகிறது என்பதை மறைக்கவோ மறுக்கவோ எனக்கு விருப்பமில்லை. வந்து போகிறவருக்கு விலகி நிற்கும் வசதி உண்டு, சம்பளம் வாங்கி வீடெடுத்து வாழ்பவருக்கு அது இல்லை. குறைந்த இருப்புள்ள தனிக்கணக்கின் அட்டையை மட்டும் இணைத்து வைப்பது நடைமுறைக்கு ஒத்த பாதுகாப்பு. இதற்கு மேல் வந்த பதினோரு மறுமொழிகளும் இதே வாதத்தைத் திரும்பச் சொல்வதால் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (திருச்சி): வாட்ஸ்அப் இயங்காதாமே, அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

பதில்: சீன இணைப்பில் வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் எதுவும் திறக்காது. வீசாட்டை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டதால் அம்மாவை அங்கே அழைக்கவும் வழியில்லை. இரு நாட்டுத் தடைகளுக்கும் நடுவில் அகப்பட்டிருப்பவர்கள் நாம்தான். இரு பக்கமும் ஐபோன் இருந்தால் ஃபேஸ்டைம் இயங்கும். இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்தால் தரவு தாய்நாட்டு வலையமைப்பின் வழியே செல்வதால் வாட்ஸ்அப் திறக்கும், செலவுதான் அதிகம். தடையைத் தாண்டி இணையத்தைத் திறக்க உதவும் வி.பி.என். செயலியை அனுமதியின்றிப் பயன்படுத்துவது சட்டத்துக்குப் புறம்பானது, எனவே எந்த வி.பி.என். நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். கூகுள் வரைபடத்தையும் நம்ப வேண்டாம். சீனா வரைபடங்களுக்கு இடத்தைக் குறிக்கும் எண்களுக்கு வேறு முறையைக் கட்டாயமாக்கியிருப்பதால், நீங்கள் நிற்கும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, சில வேளைகளில் ஆற்றுக்குள்ளேயே விழும்.

கேள்வி (நெல்லை): வீடு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்து முதல் நாளிலேயே கேட்பார்கள். தரகருக்கு மாத வாடகையில் 35 விழுக்காடு கொடுப்பது ஷாங்காய் வழக்கம். ஆகவே ஏறத்தாழ நான்கரை மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். எதிரில் இருப்பவர் உண்மையான உரிமையாளரா, வீட்டை எடுத்து மறுவாடகைக்கு விடுபவரா என்பதைச் சொத்துச் சான்றிதழில் பாருங்கள். மறுவாடகைக்காரர் ஒரு நாள் தொலைபேசியை அணைத்துவிட்டால், உரிமையாளர் உங்களை வெளியேறச் சொல்வார். காவல் நிலையப் பதிவுக்கு ஒத்துழைப்பாரா என்பதையும் கையொப்பத்துக்கு முன்பே கேளுங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுமையாக இருக்கட்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): குளிர் எப்படி? வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே அதிகம் போகாது என்கிறார்களே.

பதில்: வெளியே தாங்கலாம், வீட்டுக்குள்தான் தாங்காது. 1950-களில் மைய வெப்ப வசதியைச் சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே மட்டும் அமைத்தார்கள். அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கும் ஷாங்காய்க்கு அது கிடையாது. சன்னல்களில் காற்று புகும், சுவர் ஈரக் குளிரைப் பிடித்து வைக்கும். மின்போர்வை வாங்குங்கள். சனவரியில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. தயிர் உறைவிக்கும் வசதியுள்ள சோற்றுக்குக்கரில் மாவை வைத்தால் காலைக்குள் எழும்பிவிடும். ஜூன் நடுவில் தொடங்கும் மழைக்காலம் இதற்கு நேர்மாறு, அலமாரியில் உள்ள தோல் காலணியில் பூஞ்சை பூக்கும்.

கேள்வி (ஷாங்காயின் புடோங் பகுதியில் வசிக்கும் இல்லத்தரசி): தேங்காய்ச் சிரட்டையைக் காய்கறித் தோலுடன் ஈரக் குப்பையில் போட்டேன். குப்பைத் தொட்டி அருகே நிற்கும் அம்மா திருப்பி எடுக்கச் சொன்னார். காய்க்குள் இருப்பது உணவுதானே?

பதில்: அந்த அம்மா சொன்னதுதான் சரி. 2019 ஜூலை 1 முதல் ஷாங்காயில் ஈரம், உலர், மறுசுழற்சி, அபாயம் என நான்காகப் பிரிக்க வேண்டும். தவறினால் தனிநபருக்கு 50 முதல் 200 யுவான் வரை அபராதம். எளிதில் மட்குவதே ஈரக் குப்பை. எனவே சிரட்டையும் பெரிய எலும்பும் உலர் குப்பை. துருவிய தேங்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, தேயிலை, கோழி எலும்பு ஈரம். ஈரக் குப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பையைத் தனியே உலர் தொட்டியில் போட வேண்டும். தொட்டிகள் காலை, மாலை குறித்த நேரத்தில்தான் திறக்கும் என்பதால், இரவுப் பணிக்குச் செல்பவர்கள் வீடு பார்க்கும்போதே அந்த நேரத்தை விசாரிப்பது நல்லது. அபராதத்தைவிட அந்த அம்மாவின் பார்வைதான் கடுமையானது.

கேள்வி (கும்பகோணம்): சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால், கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். கொழுப்பு, கோழிச்சாறு, சிப்பிக் குழம்பு, இறால் பொடி, முட்டை எதுவும் கூடாது என்று சீன மொழியில் எழுதிய அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். ஐயமற்ற இடம் பௌத்த சைவ உணவகங்களே. 1922-இல் தொடங்கிய குங்தெலின் அவற்றுள் புகழ்பெற்றது. வாத்து, மீன் என்ற பெயர்களில் சோயாவிலும் காளானிலும் அங்கே செய்து வைப்பதைப் பார்த்து எழுந்து ஓடிவிட வேண்டாம்.

கேள்வி (வேலூர்): வணிக விசாவில் வந்து வேலையில் சேரலாமா?

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (கரூர்): சுற்றுலா விசாவில்?

பதில்: அதே பதில்.

கேள்வி (தஞ்சை): மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் வாங்கித் தர முடியுமா?

பதில்: முடியாது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளை முதலில் படியுங்கள், முகவர் பேச்சை அதன் பிறகு கேளுங்கள்.

கேள்வி (ஓசூர்): இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் இருக்கிறது. கார் ஓட்டலாமா?

பதில்: சர்வதேச அனுமதி சீனாவில் செல்லாது. நூறு வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வில் 90 மதிப்பெண் எடுத்துச் சீன உரிமம் பெற வேண்டும். 800 கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோ ஓடும் ஊரில் எதற்கு என்பது என் கருத்து.

கேள்வி (ஷாங்காயின் சாங்சியாங் பகுதியில் பணிபுரிபவர்): அடுத்த மாதம் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறேன். புதிய எண் வரும். என்னவெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: ஏறக்குறைய எல்லாவற்றையும். நிரந்தரக் குடியிருப்பு அட்டை இல்லாத வெளிநாட்டினருக்குப் பாஸ்போர்ட் எண்ணே அடையாள எண் என்பதால், எண் மாறியதும் அமைப்புகளின் கண்ணில் நீங்கள் புது ஆள். பாஸ்போர்ட் மாறிய 10 நாட்களுக்குள் வசிப்பு அனுமதியை மாற்ற விண்ணப்பியுங்கள், பணி அனுமதியை நிறுவனத்திடம் சொல்லி மாற்றுங்கள். காவல் நிலையப் பதிவும் புதிதாக வேண்டும். அடுத்து வங்கிக் கிளைக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் பழைய, புதிய பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்துச் சென்று ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒன்று மாறி மற்றொன்று மாறாத இடைவெளியில்தான் கட்டணச் சேவை முடங்கும். கடைசியாக வீசாட், அலிபே, ரயில் செயலி, வருமான வரிச் செயலி. வரிச் செயலியை மறந்துவிட்டால், சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வங்கி கேட்கும் வரிச் சான்று பழைய எண்ணிலேயே வந்து நிற்கும். ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகம் திருப்பித் தரும்போது வாங்கிப் பத்திரமாக வையுங்கள், இத்தனை இடத்திலும் அதைக் கேட்பார்கள். புதிய பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைக் குடும்பப்பெயர் இடத்துக்கு நகர்த்தும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் என்னை அழையுங்கள்.