கூலன்ட் பம்பை எங்கெல்லாம் மூடலாம்?

கேள்வி: இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்) வைத்திருக்கிறோம். வார்ப்பிரும்புப் பம்ப் உதிரிகள்தான் அதிகம். கொஞ்சம் ஸ்டீல், அலுமினியமும் உண்டு. கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்பு நீர்மம்) செலவு கட்டுப்படியாகவில்லை. எம்கியூஎல் (காற்றோடு துளி எண்ணெயை மட்டும் தெளிக்கும் அமைப்பு) மாட்டினால் சரியாகுமா?
– வாசகர், கணபதி, கோவை

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் கூலன்ட் இல்லாமலே கடையலாம். அதிலுள்ள கிராஃபைட்டே உராய்வைக் குறைக்கும், வெட்டிவரும் உலோகச் சுருளும் நீளாமல் உதிரும். கருந்தூளை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். விட்டால் ஸ்லைடு (மெஷின் பாகங்கள் நகரும் தடம்) தேயும்.

ஸ்டீலில் கார்பைடு இன்சர்ட் (மாற்றிப் போடும் வெட்டுமுனை) போட்டு, சுழலும் கட்டரால் மில்லிங் செய்யும்போது கூலன்ட் கெடுதலே செய்யும். வெட்டும்போது முனை பழுக்கக் காய்கிறது, வெளியே வந்ததும் சட்டெனக் குளிர்கிறது. சுற்றுக்குச் சுற்று இப்படி நடந்தால் முனைக்குக் குறுக்கே சீப்புப் பல் போல விரிசல் விழும். பழைய இன்சர்ட்டை லென்ஸில் பாருங்கள், தெரியும். அங்கே காற்று அடித்தாலே போதும்.

எம்கியூஎல் உதவுவது அலுமினியத்துக்கு. எண்ணெயே இல்லாவிட்டால் உலோகம் முனையில் ஒட்டி, பரப்பு கிழிந்ததுபோல் வரும். மணிக்கு 20 முதல் 50 மில்லி எண்ணெய் விட்டுத் தொடங்குங்கள். தாவர எண்ணெயிலிருந்து எடுத்த எஸ்டர் வகையை வாங்குங்கள். நீரில் கலக்கும் கூலன்டை எம்கியூஎல் டேங்கில் ஊற்றவே கூடாது. நாசில் வெட்டுமுனையை நேராகப் பார்க்க வேண்டும், இடைவெளி சுமார் 30 மி.மீ. ஒரு வெள்ளைத் தாளில் சில நொடி அடித்துப் பாருங்கள்: மெல்லிய மினுமினுப்பு சரி, வழிந்தால் அதிகம். மெஷினுக்குள் மூட்டமாகத் தெரிந்தாலும் அளவைக் குறையுங்கள். அது ஆபரேட்டரின் நுரையீரலுக்குள்தான் போகிறது.

எம்கியூஎல்லில் சுருளை அள்ளிச் செல்லக் கூலன்ட் இல்லாததால், அது மேசையில் குவிந்து, அந்தச் சூட்டில் உதிரியின் அளவு மாறும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆழமான துளையென்றால் வெளி நாசில் எட்டாது; அதற்குக் கூலன்டே இருக்கட்டும்.

கேள்வி: திங்கட்கிழமை காலையில் கூலன்ட் டேங்க் நாறுகிறது. கொட்டிவிடுவதா?
– வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம், முதலில் மேலே மிதக்கும் ஸ்லைடுவே ஆயிலை (ஸ்லைடுக்குப் போடும் மசகெண்ணெய்) வழித்தெடுங்கள். இரண்டு நாள் பம்ப் ஓடாதபோது அந்தப் படலம் காற்றைத் தடுக்க, காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா பெருகுகிறது. பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (செறிவு பார்க்கும் கருவி) அளவு பாருங்கள். 4 காட்டி, கூலன்ட் கேனில் போட்ட காரணி (பெருக்க வேண்டிய எண்) 1.5 என்றால் உண்மையான செறிவு 6 சதவீதம். டேங்கில் கூலன்ட் குறைந்தால் வெறும் தண்ணீரை ஊற்றாமல், தனி வாளியில் தண்ணீருக்குள் கூலன்ட் ஆயிலை விட்டுக் கலக்கி ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் திரிந்துபோகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் பிஎச் 8.5-க்குக் கீழேயே நின்றால், டேங்கைக் கழுவி மாற்றிவிடுங்கள்.