இறுக்கினது காணாதோ, கூடிப்போச்சோ? – வாசகர் கேள்வி பதில்

போன முறை ஒயில் ஒழுக்கைப் பற்றி எழுதினதுக்குப் பிறகு வந்த கேள்வியில முக்கால்வாசி ஒரே விசயம்தான், கார் எஞ்சினில போல்ட் இறுக்குறதும், ரெண்டு பாகத்துக்கு நடுவில ஒழுகாமல் வைக்கிற காஸ்கட் போடுறதும். அதால இந்த முறை அதை மட்டும் எடுத்திருக்கிறன்.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, என்ர கொரோல்லா 121க்கு டெப்பட் கவர் காஸ்கட் ரெண்டு தரம் மாத்தியாச்சு. இன்னும் ஒயில் கசிஞ்சு சைலன்சர் குழாயில விழுந்து மணக்குது. கராஜ்காரர் "இன்னும் கொஞ்சம் இறுக்கி விடுறன்" எண்டுறார். இறுக்கினா நிக்குமோ?

நிக்காது தம்பி, கூடத்தான் கசியும். எஞ்சினின்ர உச்சியில மூடியா இருக்கிற அந்தக் கவரைப் பிடிக்கிறது 10 ஸ்பானர் போடுற சின்னப் போல்ட், அதுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் காணும். 25 சென்ரிமீட்டர் பிடியுள்ள ராட்செட்டின்ர நுனியில 4 கிலோ பலம் குடுத்தா அதுதான் 10 நியூட்டன் மீட்டர். எங்கட ஆக்கள் அதே ராட்செட்டைத் தோள்மூட்டில இருந்து இழுக்கினம், அது அஞ்சு ஆறு மடங்கு வந்திடும், மரை கழண்டு போகாமல் தப்பினதே பெரிய காரியம்.

ரப்பர் காஸ்கட் கவரின்ர காடிக்குள்ள இருந்து கொஞ்சம் வெளிய நிக்கும், போல்ட் இறுக இறுக அது நசுங்கி, கவர் அதுக்குக் கீழ இருக்கிற ஹெட்டில, அதுதான் எஞ்சினின்ர மேல் பாகத்தில, போய் முட்டும், முட்டின உடன போல்டின்ர வேலை முடிஞ்சுது. அதுக்குப் பிறகும் முறுக்கினா போல்ட் இருக்கிற இடத்தில கவர் கீழ போய், ரெண்டு போல்டுக்கும் நடுவில மேல எழும்பும், ஒயிலுக்கு அந்த இடைவெளி காணும். நீங்கள் செய்ய வேண்டியது கவரைத் திரும்பக் கழட்டி, காடிக்குள்ள இருக்கிற பழைய ஒயிலையும் ஒட்டையும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சு, கவர் வளைஞ்சிருக்கோ எண்டு ஒரு கண்ணாடித் தட்டில வைச்சுப் பாக்கிறது. உந்த எஞ்சினில ரைமிங் செயின் கவரும் ஹெட்டும் வந்து சந்திக்கிற ரெண்டு மூலை இருக்கு, அந்த இடத்தில மட்டும் ஒரு பொட்டு சிலிகோன் வைக்கோணும், கனபேர் விடுறது அதைத்தான். எஞ்சினுக்குள்ள சேருற வாயுவை வெளிய எடுக்கிற பிசிவி வால்வையும் கழட்டி ஆட்டிப் பாருங்கோ, கிலுகிலு எண்டு சத்தம் வரேல்ல எண்டால் அடைச்சுப் போச்சு, அடைச்சா உள்ளுக்க பிரஷர் ஏறி எந்தப் புதுக் காஸ்கட்டையும் தள்ளும்.

கேள்வி (சாவகச்சேரி): புரோபொக்ஸ் ஒண்டுக்கு ஹெட் காஸ்கட் மாத்தி மூண்டு மாசம் ஆகேல்ல, திரும்ப ரேடியேட்டரில குமிழி வருது. பழைய போல்டையே போட்டவை. டிகிரிக் கணக்கில இறுக்கோணும் எண்டு ஒரு அண்ணை சொல்லுறார். அப்பிடியும் இருக்கோ?

இருக்கு, அந்த அண்ணை சொன்னது சரி. போல்ட் எண்டுறது இறுக்கேக்க ஸ்பிரிங் மாதிரி ஒரு மயிரளவு நீளுது, நீண்டது சுருங்கப் பாக்குது, அந்தச் சுருங்கப் பாக்கிற பலம்தான் ஹெட்டைக் கீழ இருக்கிற பிளொக்கோட அமத்திப் பிடிக்கிறது. ஆனா நாங்கள் ஸ்பானரில குடுக்கிற பலத்தில கிட்டத்தட்டப் பத்தில ஒரு பங்குதான் அந்த நீட்சிக்குப் போகுது, மிச்சம் முழுக்க மரையிலயும் போல்ட் தலைக்குக் கீழயும் உராய்வில செத்துப்போகுது. மரையில கறள் இருந்தா, இறுக்கம் அளக்கிற ஸ்பானரான டோர்க் ரென்ச் "டக்" எண்டு சத்தம் போடும், போல்ட் நீண்டிராது. ஒயில் கூடிப்போனா அதே அளவில போல்ட் அளவுக்கு மிஞ்சி இழுபட்டிடும். இந்த உராய்வு விளையாட்டில இருந்து தப்பத்தான் டிகிரிக் கணக்கு, எவ்வளவு பலம் எண்டு பாக்காமல் போல்டை எவ்வளவு சுத்தினது எண்டு பாக்கிறது. உங்கட 1.5 புரோபொக்ஸில இருக்கிற 1என்இசட் எஞ்சினுக்கு முதல் 29 நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி, பேந்து இன்னொரு 90 டிகிரி. 29 முடிஞ்ச உடன ஒவ்வொரு போல்ட் தலையிலயும் எஞ்சினின்ர முன் பக்கம் பாத்து ஒரு பொட்டு வெள்ளைப் பெயின்ட் வைச்சால், முடியேக்க எல்லாப் பொட்டும் பின் பக்கம் பாத்து நிக்கும், ஒண்டு விடுபட்டாலும் கண்ணுக்குத் தெரியும்.

இப்பிடி இறுக்கிற போல்ட் சிலது ஒருக்காத்தான் போடலாம், சிலதுக்குப் புத்தகத்தில நீளத்துக்கோ தடிப்புக்கோ ஒரு எல்லை குடுத்திருப்பினம், அளந்து பாத்து எல்லை தாண்டினா எறிய வேண்டியதுதான். "பாக்க நல்லாத்தானே இருக்கு" எண்டு போடுறது காசை மிச்சம் பிடிக்கிறேல்ல. இறுக்கிற ஒழுங்கு நடுவில இருந்து வெளிப்பக்கம், கழட்டேக்க மறுவளமா ஓரத்தில இருந்து நடுவுக்கு. அதைவிட முக்கியம் பிளொக்கில இருக்கிற போல்ட் ஓட்டைகள். அடியில தண்ணியோ ஒயிலோ தேங்கி நிக்கேக்க போல்டை இறக்கினா அது அமுங்கிற சாமான் இல்லை, பிளொக்கையே வெடிக்க வைக்கும். துணி சுத்தின குச்சி விட்டு ஒத்தி எடுத்துக் காத்தடிச்சுப் போட்டுத்தான் போல்ட் வைக்கோணும்.

ஹெட் மட்டமோ எண்டு நேர்விளிம்பும், மெல்லிய தகடுகளால இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜும் வைச்சு நீளம், அகலம், மூலைக்கு மூலை எல்லாம் பாத்தவையோ எண்டும் கேளுங்கோ. கன எஞ்சினுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சிருக்கக் கூடாது, தகடு காஸ்கட் அதுக்கு மேல மன்னிக்காது. பழைய காஸ்கட்டைக் கிறைண்டரில டிஸ்க் போட்டு உரைஞ்சு எடுக்கிற ஆக்களிட்ட இருந்து ஓடித் தப்புங்கோ, அந்தத் தூள் ஒயிலுக்குள்ள போய் பெயாரிங்கைத் திண்டு முடிக்கும்.

எல்லாம் சரியாச் செய்தும் திரும்பப் போகுது எண்டால் ரேடியேட்டருக்குள்ள என்ன ஊத்துறியள் எண்டு பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்தலுக்க பிடிக்கிற வெள்ளை ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் பிடிக்கும், பேந்து சூடேறும், ஹெட் வளையும், காஸ்கட்டில பழி விழும். வடிச்ச தண்ணியும் கூலன்ரும்தான்.

கேள்வி (நெல்லியடி): காஸ்கட்டுக்குப் பதிலா சிலிகோன் மட்டும் போட்டால் காணாதோ? மலிவும்தானே.

கம்பனி சிலிகோன் போட்ட இடத்தில சிலிகோன், காஸ்கட் போட்ட இடத்தில காஸ்கட். ஹெட் காஸ்கட்டில தொடவே கூடாது. ரப்பர் காஸ்கட் முழுக்கப் பூசினா அது வழுக்கி இடம் மாறும், சாதாரண சிலிகோன் பெற்றோல் படுற இடத்தில ஊறிப் போயிடும். எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்புக்குப் போடுறதெண்டால் 2, 3 மில்லிமீட்டர் தடிப்பில ஒரு கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாச் சுத்தி விட்டுட்டு, காய விடாமல் உடன மூட்டி இறுக்குங்கோ. ஒரு நாள் விட்டிட்டு ஒயிலை ஊத்துங்கோ. கூடப் போட்டா வெளிய பிதுங்கினது மட்டும்தான் எங்கட கண்ணுக்குத் தெரியும், அதே அளவு உள்ளுக்கயும் பிதுங்கியிருக்கும், அது பிஞ்சு போய் ஒயில் உறிஞ்சிற வலையை அடைச்சா எஞ்சினே போச்சு.

கேள்வி (சுன்னாகம்): தாத்தான்ர மொறிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின், திரும்ப ஓட விடப் பாக்கிறம். ஹெட்டுக்கு எவ்வளவு இறுக்கம் ஐயா?

பிள்ளை, வாசிக்கச் சந்தோசமா இருக்கு. 40 அடி றாத்தல், இப்பத்தைய கணக்கில 54 நியூட்டன் மீட்டர். அதை மூண்டு கட்டமா ஏத்துங்கோ, ஒரேயடியா வேண்டாம். கொஞ்ச நாள் ஓடின பிறகு ஆற விட்டுத் திரும்ப ஒருக்கா இறுக்கோணும். இந்த எஞ்சினில ஹெட் நட்டுகள் சிலதே வால்வை அமத்துற ரொக்கர்களின்ர தண்டையும் சேத்துப் பிடிக்கிறதால, இறுக்கின பிறகு ரொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில இருக்கிற டெப்பட் இடைவெளியை 0.012 அங்குலத்துக்குத் திரும்பச் சரிபாருங்கோ, மறந்தா வால்வு எரியும். மேல் தகரக் கவருக்குக் கோர்க் காஸ்கட், அதில பலம் காட்டினா தகரம் குழிஞ்சிடும்.

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் இதே கார்கள்தான் பெற்றோலை ஒரு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினது. அந்த எண்ணெய் முழுக்க எரியாமல் ஒயிலுக்குள்ள இறங்கி அதை நீத்திப் போடும். அந்தக் காலத்துக்குப் பிறகு திறக்காமல் கிடந்த எஞ்சின் எண்டால் சம்பைக் கழட்டிப் பாக்காமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சின்னக் காஸ்கட் கடையில கிடைக்காட்டி, காஸ்கட் தாளை அந்தப் பாகத்துக்கு மேல வைச்சு உருண்டைத் தலைச் சுத்தியலால விளிம்பில மெல்லத் தட்டிக்கொண்டு வாங்கோ, தன்பாட்டில வெட்டுப்படும். தண்ணிப் பம்புக்கு அது நல்லாக் காணும்.

கேள்வி (மானிப்பாய்): ஒயில் மாத்தின ஒவ்வொரு தரமும் அடி நட்டில சொட்டுது.

வாசரை மாத்துங்கோ. அது ஒருக்கா நசுங்கிறதுக்குச் செய்தது.

கேள்வி (பருத்தித்துறை): டோர்க் ரென்ச் வாங்க நினைக்கிறன். என்ன பாக்கோணும்?

ஒண்டு காணாது, அதுதான் சிக்கல். ரயர் நட்டுக்கு, ரொயோட்டா கார் எண்டால் 103 நியூட்டன் மீட்டர், அதுக்கு வாங்கிற பெரிசு 10 நியூட்டன் மீட்டரில நம்பேலாது, சின்னது ஒண்டும் வேணும். பழைய ஜப்பான் புத்தகங்களில கிலோ சென்ரிமீட்டர் எண்டு போட்டிருப்பான், 100 எண்டு இருந்தா அது 9.8 நியூட்டன் மீட்டர்தான், நூறு இல்லை. டக் எண்டினாப் பிறகு "எதுக்கும் இன்னொருக்கா" எண்டு இழுக்க வேண்டாம், அந்த ரென்ச்சால நட்டுக் கழட்டவும் வேண்டாம். வேலை முடிய ஆகக் குறைஞ்ச இலக்கத்துக்குச் சுத்திவிட்டு வையுங்கோ, இல்லாட்டி உள்ள இருக்கிற ஸ்பிரிங் தளந்து பிழையான கணக்குச் சொல்லும்.