பல வருஷம் அரைவயிறு சாப்பிட்ட பிறகு கீட்டோ: எடை ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது?

ஆறேழு வருஷம் ஒருவேளைச் சாப்பாட்டில் ஓட்டியிருக்கிறீர்கள். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுமுறையில் முதல் வாரம் மூன்று கிலோ, பிறகு மாதம் ஒரு கிலோகூட இறங்கவில்லை என்கிறீர்கள். அந்த மூன்று கிலோவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்தைக் குறைத்ததும் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் குறையும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

மீதிக் கதை பழைய பட்டினியில் இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதி உணவே கொடுத்தார். எடை கால்வாசி குறைந்தது. ஓய்வில் எரியும் ஆற்றலோ சுமார் 40 சதவீதம் விழுந்தது. தசை கரைகிறது, தைராய்டு ஹார்மோனான டி3யும், கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் ஹார்மோனும் இறங்குகின்றன, நமக்கே தெரியாமல் நடமாட்டமும் சுருங்குகிறது. அவர்கள் ஒல்லியானவர்கள், உங்களுக்கு அவ்வளவு வீழ்ச்சி இருக்காது, ஆனால் திசை அதேதான். வளர்சிதை மாற்றம் 'செத்துப்போச்சு' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மெதுவாகும், நிற்காது.

அதனால் சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள். முட்டை, மீன், கோழி, பனீர் என்று புரதத்தைக் கூட்டுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குங்கள். பாதாமை மட்டும் எண்ணிச் சாப்பிடுங்கள், 100 கிராமில் சுமார் 580 கலோரி இருக்கிறது! தராசைவிட இடுப்பளவை நம்பலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவரானால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றாமல் கீட்டோவைத் தொடர வேண்டாம்.